அந்த ருசி எங்கே போச்சு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒன்று கேட்டிருந்தேன். தீபாவளி, பொங்கல், விருந்தாளி எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் உங்கள் வீட்டில் சாப்பிட்ட, இன்றைக்கும் நாக்கை விட்டுப் போகாத ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதுங்கள், அதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று. வந்த கடிதங்களில் பிரியாணி ஒன்றுகூட இல்லை. ரசம், களி, கூழ், பழைய சோறு, வத்தல், இவைதான். சில கடிதங்களைப் பாதியில் மூடி வைத்துவிட்டு அப்புறம்தான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்.

அம்மா தவறி மூன்று வருடம் ஆகிறது. அவர் வைக்கிற ரசம் மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. அதே பொடி, அதே புளி, அவருடைய ஈயச்சொம்புகூட என்னிடம்தான் இருக்கிறது. எதை விடுகிறேன்?
– வாசகி, கும்பகோணம்

'அம்மா கைமணம் அம்மாவோடு போச்சு' என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கைமணத்துக்குக் காரணம் இருக்கும். தேடினால் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

எனக்கும் இதே கதைதான். எங்களுக்கு அம்பாசமுத்திரம். அம்மா போனபிறகு நாலு வருஷம் அந்த மிளகு ரசத்தைத் தேடினேன். பழம்புளி வாங்கிப் பார்த்தேன், கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் ஊறப்போட்டேன், மிக்ஸியை விட்டுவிட்டு மிளகையும் சீரகத்தையும் உரலில் தட்டினேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனது, ஆனால் அது வரவில்லை. ஒருநாள் சாமான்களைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு அம்மாவை யோசித்தேன். அடுப்படியில் எங்கே நிற்பாள், முதலில் எதை எடுப்பாள், கை என்ன செய்யும் என்று வரிசையாக.

தக்காளியை அவள் வெட்டவே மாட்டாள். புளித்தண்ணீருக்குள்ளேயே போட்டு, கூடக் கொத்தமல்லித் தண்டும் கல்லுப்பும் சேர்த்து, கையால் பிசைவாள். விரல் இடுக்கில் தோல் வழுக்கி வரும், அதைத் தனியே எடுத்துப் போடுவாள். பருப்புத் தண்ணீர் ஊற்றி, ஓரத்தில் நுரை கூடி நடுவுக்கு வரும்போது இறக்கிவிடுவாள், தளதளவென்று கொதிக்க விடமாட்டாள். இதுவரைக்கும் நானும் செய்துகொண்டுதான் இருந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இறக்கிய ரசத்தை அவள் தாளிக்காமல் மூடி வைத்திருப்பாள். மத்தியானம் ஒன்றே கால் மணி வாக்கில் அப்பா வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் இரும்புக் கரண்டியில் நெய், கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, தட்டி வைத்த மிளகு சீரகத்தில் ஒரு சிட்டிகை, பெருங்காயம். அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து உட்காருகிறபோது ரசத்துக்குள் கரண்டி இறங்கும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், காலை எட்டு மணிக்கே தாளித்துக் கொட்டிவிட்டு, ஒரு மணிக்கு மறுபடி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மிளகு, சீரகம், பெருங்காயம் மூன்றின் வாசனையும் ஆவியாகிப் போகிற எண்ணெயில்தான் இருக்கிறது. ஐந்து மணி நேரத்தில் அது எங்கே தங்கும்?

உங்கள் அம்மா யாருக்காகக் காத்திருந்து ரசத்தை முடித்தார் என்று யோசித்துப் பாருங்கள். பொடியை அன்றன்றைக்கு இடித்தாரா, முதல் கரண்டி யாருக்குப் போனது, மிஞ்சியதைத் திரும்பச் சுடவைத்தாரா, இதெல்லாம்கூட எழுதிப் பாருங்கள். கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஈயச்சொம்பு பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளித்தண்ணீரைத் தேடிப் போகாதீர்கள், உள்ளே தண்ணீர் இருந்தால்தான் அது தாங்கும், தீயும் அடிப்பாகத்தைத் தாண்டி மேலே ஏறக்கூடாது. புதிதாக வாங்குகிறவர்கள் காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான கடையில் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். காரீயம் விஷம்.

குக்கர் சோற்றில் பழைய சோறு போட்டால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. தாத்தா வீட்டில் சாப்பிட்ட மாதிரி இல்லையே?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

குக்கரில் கஞ்சி வெளியே போவதில்லை, சோற்றோடேயே தங்கிவிடுகிறது, அதனால்தான் கொழகொழப்பு. புழுங்கல் அரிசியை ஒருநாள் பானையில் போட்டுப் பொங்கிக் கஞ்சியை வடித்துப் பாருங்கள். ரொம்பக் குழைய விடக்கூடாது. சோறு நன்றாக ஆறியபிறகு, முங்குகிற அளவுக்கு மேலே நாலு விரல் தண்ணீர் ஊற்றி, மண்சட்டியில் மூடி வைத்துவிடுங்கள். எட்டிலிருந்து பத்து மணி நேரம். சித்திரை வெயிலில் அதற்குமேல் போனால் புளிப்பு ஏறிவிடும். வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடிக்கலாம்.

காலையில் எங்கள் தாத்தா சோற்றைக் கரண்டியால் எடுக்க விடமாட்டார். கையை உள்ளே விட்டு, அள்ளி, லேசாகப் பிழிந்து தட்டில் வைப்பார். கல்லுப்பு, மோர், அப்புறம் அதே கையால் நசுக்கிய சின்ன வெங்காயம். வெங்காயத்தைக் கத்தியால் நறுக்கினால் 'இது எதுக்கு?' என்பார். மிச்சமிருக்கும் நீத்தண்ணியில் உப்புப் போட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் வயலுக்குக் கிளம்புவார்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை, வேலை பெங்களூரில். ஆச்சி செய்யும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கனவில்கூட வருகிறது. என் மனைவி ஈரோட்டுப் பக்கம், அவருக்கு இந்தச் சோறே தெரியாது. செய்முறையை எழுதினால் அவரிடம் கொடுப்பேன்.
– வாசகர், பெங்களூர்

எழுதுகிறேன் தம்பி, ஆனால் அவரிடம் கொடுக்க வேண்டாம். நீங்களே செய்யுங்கள். அவர் ஒருநாளும் சாப்பிட்டுப் பார்க்காத சோறு அது, சரியாக வந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ருசி உங்கள் நாக்கில்தான் இருக்கிறது, அப்போது கரண்டியும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

புழுங்கல் அரிசி ஒரு டம்ளர். தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை டம்ளர். வெள்ளை உளுந்து வேண்டாம், அதில் இந்த வாசனை வராது. உளுந்தை வெறும் சட்டியில் நிதானமான தீயில் வறுங்கள், பக்கத்து அறையில் இருப்பவர் 'என்ன வாசனை?' என்று கேட்கிற வரைக்கும். அரிசியோடு சேர்த்துக் கழுவுங்கள், ஆனால் அடித்துக் கழுவித் தொலியைப் போக்கிவிடாதீர்கள். உரித்த பூண்டு பதினைந்து பல், வெந்தயம் அரை ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு, நாலரை டம்ளர் தண்ணீர். குக்கரில் நாலைந்து விசில். உதிரியாக வந்தால் தப்பு, கரண்டியால் எடுத்துப் போட்டால் மெதுவாக உட்கார வேண்டும். தண்ணீர் அரிசிக்கு அரிசி மாறும், முதல் தடவை சரியாக வராவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள்.

துவையலுக்குக் கறுப்பு எள் நாலு ஸ்பூன். கழுவி வடித்து, படபடவென்று பொரிகிற வரைக்கும் வறுத்து உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும், சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கசந்துவிடும். வறுத்த மிளகாய் வற்றல் ஐந்து, கோலிக்குண்டு அளவு புளி, இரண்டு பல் பூண்டு, ஒரு கைப்பிடி தேங்காய், உப்பு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள்.

எங்கள் ஆச்சி இந்தச் சோற்றைத் தட்டில் போட்டு நடுவில் விரலால் ஒரு குழி பறிப்பாள். அதில் செக்கு நல்லெண்ணெய். நான் பெரியமனுஷியான சமயத்தில் பதினாறு நாளும் உளுந்துதான், ஒருநாள் களி, ஒருநாள் சோறு. 'இடுப்புக்குப் பலம்டி, தின்னு' என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த வயதில் எனக்குப் பயமாக இருந்தது, உடம்பு பற்றி யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, ஆச்சிக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குழியில் எண்ணெயை நிறைத்து நிறைத்து ஊற்றினாள். அவளுக்குத் தெரிந்த வழி அது.

சின்ன வயதில் எங்களுக்கு மூன்று வேளையும் ராகிக் களிதான். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நெல்லுச்சோறு சாப்பிட்டதாகப் பொய் சொல்வேன். இன்று என் மகள் ஹோட்டலில் அதே களியை விலை கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து, 'நல்லா இருந்துதும்மா, நீ ஏன் செய்யறதே இல்ல?' என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்யத்தான் வேண்டுமா?
– வாசகி, தர்மபுரி மாவட்டம்

செய்ய வேண்டாம். உங்களுக்கு மனம் வருகிற வரைக்கும் செய்யவே வேண்டாம்.

ராகியின் பெருமையை இன்று ஊரே பேசுகிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் வேறு வழியில்லாமல் தின்றவருக்கும் விரும்பி வாங்கித் தின்கிறவருக்கும் தட்டில் இருப்பது ஒரே பண்டம் இல்லை.

என் மாமியாருக்குச் சாத்தூர் பக்கம். கரிசல் காடு. கல்யாணமான புதிதில் நான் விடாமல் நச்சரித்து ஒருநாள் அவரைச் சோளச்சோறு காய்ச்ச வைத்தேன். உரலில் குத்தி, புடைத்து, ஒரு காலைப் பொழுது முழுக்கப் பாடுபட்டுக் கிண்டினார். எங்கள் எல்லாருக்கும் போட்டார், கருவாட்டுக் குழம்பு ஊற்றினார், எல்லாரும் ஆகா ஓகோ என்று சாப்பிட்டோம். 'எனக்குப் பசிக்கலைம்மா' என்று அவர் மட்டும் சாப்பிடவில்லை. சாயங்காலம் நெல்லுச்சோற்றில் மோர் ஊற்றித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் வெகுநாள் கழித்து அவரே ஒருநாள் ஆரம்பித்தார், மழையில்லாத ஒரு வருஷத்தில் அந்தச் சோளமும் தீர்ந்துபோய், தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்ததை. அவரை அந்தச் சோற்றைக் காய்ச்ச வைத்ததற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

அதனால் மகளுக்குக் களியைச் செய்து கொடுக்கும் முன்னால் கதையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வீட்டில் களிக்கோல் பிடித்துக் கிண்டியது யார், உருண்டை எத்தனை, யாருக்குப் பெரியது போனது, தொட்டுக்கொள்ளக் கீரையா கொள்ளா, எல்லாம். களியை மெல்லக்கூடாது, குழம்பில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும் என்று ஹோட்டலில் அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் சொல்ல முடியும். அதற்கு அப்புறம் அவளாகவே மாவைக் கொண்டுவந்து வைத்தால், அடுப்புக்கு முன்னால் அவள் நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கட்டி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கட அம்மம்மா காய்ச்சுற ஒடியல் கூழை நினைச்சு நானும் காய்ச்சிப் பாத்தன். மீன், நண்டு, றால் எல்லாம் போட்டும் ஒரே கசப்பு. மா பழசோ?
– வாசகி, ரொறொன்ரோ

மாவின் மேல் பழி போடும் முன்னால், அதை ஊறவைத்தீர்களா என்று சொல்லுங்கள். ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது, அந்தக் கசப்பு அதன் பிறவிக்குணம். அவித்துக் காயவைக்கிற புழுக்கொடியல் வேறு, அதில் கூழ் காய்ச்சுவதில்லை. ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து அசையாமல் வைத்தால் மா அடியில் படியும். மேல்தண்ணீரை இறுத்து ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யவேண்டும். கூழில் மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மீன் எல்லாம் வெந்தபிறகு, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் கரைத்த இந்த மாவைக் கடைசியில் ஊற்றிக் கிளற வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சென்னை வளசரவாக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சி எல்லாரையும் கூப்பிட்டார். பிளாவுக்கு, அதாவது கூழ் குடிக்க ஓலையில் மடிக்கிற கிண்ணத்துக்கு, பனையோலை தேடி எங்கெங்கோ அலைந்து, கிடைக்காமல், கடைசியில் எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றினார். நாங்கள் இரண்டு டம்ளர், மூன்று டம்ளர் என்று வாங்கி வாங்கிக் குடித்தோம். 'ஓலையில குடிச்சாத்தான் கூழ்' என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் ஊரிலும் ஓலைக்கு வழி இருக்காது. ஊருக்குப் போகிற யாரிடமாவது நாலு காய்ந்த ஓலை சொல்லிவிடுங்கள், நனைத்தால் மடியும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கூழ்வத்தல் போட வழி உண்டா?
– வாசகி, தாம்பரம்

உண்டு. பால்கனியில் மூன்று மணி நேர வெயில் வந்தாலே போதும், கொஞ்சமாகப் போடுங்கள். அரைப்படி அரிசிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். முதல்நாள் ராத்திரி மின்விசிறிக் காற்றில் மேல்பக்கத்தை உலரவிட்டு, காலையில் வெயிலுக்கு நகர்த்துங்கள், நாலைந்து நாளில் ஒடிக்கிற பதம் வந்துவிடும். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், பழைய பருத்தி வேட்டியே நல்லது. காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்தால் வத்தல் தானாகக் கழன்று வரும். கிண்டின கூழில் ஒரு கிண்ணம் பிள்ளைகளுக்குச் சூடாகக் கொடுத்துவிட்டுத்தான் பிழியவே ஆரம்பிக்க வேண்டும். கறுப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு காக்காய்க்குக் காவல் இருந்த எங்களுக்கு அம்மா கொடுத்த கூலி அந்தக் கூழ்தான், பச்சை மிளகாயும் சீரகமும் பெருங்காயமும் மணக்க, எலுமிச்சம்பழம் பிழிந்து.

அம்மாவுக்கு 78 வயது. மறதி ஆரம்பித்திருக்கிறது. அவருடைய சமையலை எழுதி வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஆனால் எதைக் கேட்டாலும் 'கண்ணளவுதான்' என்கிறார். எப்படி எழுதுவது?
– வாசகி, திண்டுக்கல்

கேட்காதீர்கள், அளந்துவிடுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கையில் எடுக்கிற உப்பு, புளி, மிளகாய் எதுவும் நேரே சட்டிக்குப் போகாமல் முதலில் உங்கள் கிண்ணத்துக்கு வரட்டும், எடையைக் குறித்துக்கொண்டு நீங்கள் சட்டியில் போடுங்கள். தண்ணீரையும் விடாதீர்கள், அவருடைய சொம்பில் எத்தனை சொம்பு என்று. ஒரே குழம்பை மூன்று தடவை இப்படிச் செய்தால் அவருடைய கண்ணளவு உங்களுக்குக் கிராமில் வந்துவிடும். மறதியில் உப்பை இரண்டு தடவை எடுத்தாரானால் 'போட்டாச்சும்மா' என்று சத்தமாகச் சொல்லாதீர்கள். கிண்ணத்தில் வாங்கி அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள், அவருக்குத் தெரியவே வேண்டாம். உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். காலை நேரம்தான் நல்லது, சாயங்காலம் வயதானவர்கள் களைத்துப்போவார்கள். வீடியோ எடுத்தால் முகத்தை எடுக்கிற அளவுக்குக் கையையும் எடுங்கள்.

இன்னொன்று. வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி, பஞ்சாங்கம், காலண்டருக்குப் பின்பக்கம் எங்கேயாவது மாத மளிகைச் சிட்டை அகப்படுகிறதா என்று தேடிப் பாருங்கள். என்னிடம் அம்மா கையெழுத்தில் அப்படி ஒரே ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. துவரம்பருப்பு 3 கிலோ, புளி ஒன்றரை கிலோ, மிளகு கால் கிலோ, பெருங்காயம் ஒரு டப்பா. வீட்டில் நாங்கள் ஆறு பேர். கால் கிலோ மிளகை முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டு கிராமுக்கு மேல் வருகிறது. தினமும் ரசம் வைக்கிற வீடு, மிளகுக்கு வேறு பெரிய செலவும் கிடையாது. நான் ரசத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை.